முந்தலில் இறங்கியவள்

தாம்பூலத் தட்டு யார் கையில் என்கிற கேள்வியோடு போன வாரம் பொற்கொடியை அடுப்படியில் நிற்கவிட்டு வந்தோம். ஒரு வாரமாக அவள் அங்கேயே நிற்கிறாளே என்று உங்களில் சிலர் வருத்தப்பட்டிருப்பீர்கள். கவலை வேண்டாம். இன்றைக்கு அவள் வெளியே வருகிறாள்.

இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பொற்கொடியின் புருஷன் போய் இரண்டு ஆடி கழிந்துவிட்டது. மலைச்சரிவில் குடும்பத்துக்கு இருக்கிற ஏலத்தோட்டத்தை அன்றிலிருந்து அவள்தான் பார்க்கிறாள். ஒரே மகன் செழியன், கோயம்புத்தூரில் வேலை. அவனுக்குத் தேவாரம் ஊர்ப் பெண் நிலாவைப் பேசி முடித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெண் வீட்டார் வந்து தட்டு மாற்றுவதாக ஏற்பாடு.

மாப்பிள்ளையைப் பெற்றவள் கொடுக்க வேண்டிய தட்டு அது. ஆனால் புருஷனின் அண்ணன் வேலுச்சாமி எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்: "நல்ல காரியத்துல முதல் கை நிறைஞ்ச கையா இருக்கணும். எங்க வீட்டுக்காரி சுப்புத்தாய் தட்டைக் குடுப்பா. பொற்கொடி உள்ள இருக்கட்டும்."

அதைக் கேட்டுக்கொண்டு செழியன் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். மச்சான் சொன்னதைவிட மகனுடைய அந்தக் கட்டைவிரல்தான் பொற்கொடிக்கு வலித்தது.

இனி ஞாயிற்றுக்கிழமை.

விடிந்ததும் வேலுச்சாமி வாசலில் வந்து நின்றார்.

"பொற்கொடி, ஸ்டோர்ல காய் போட்டுருக்கு. அடுப்பு எரியிறப்ப நம்ம ஆளு ஒண்ணு கிட்ட இருக்கணும். நீ மலைக்குப் போயிட்டு நாளைக்கு இறங்கு."

ஸ்டோர் என்றால் பறித்த பச்சை ஏலக்காயைச் சூட்டில் உலர்த்துகிற கட்டடம்.

"இன்னைக்கா மச்சான்?"

"இன்னைக்குத்தான். இங்கதான் நாங்க எல்லாரும் இருக்கமே."

உள்ளே இருக்கட்டும் என்றவர், இப்போது ஊரிலேயே இருக்க வேண்டாம் என்கிறார். பொற்கொடி சேலைக்கு மேலே வழக்கம்போல ஆம்பளைச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். தலையில் துண்டைக் கட்டினாள். செழியன் எழுந்து வந்து, "அம்மா, சாப்பிட்டியா?" என்றான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

ஜீப்பில் வேலைக்குப் போகிற பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிறு என்பதால் கூட்டம் குறைவு. ஒருத்தி இடம் விட்டு நகர்ந்தாள்.

"ஏன் மதினி, இன்னைக்கு உங்க வீட்டுல விசேசம்னு ஊரே பேசுது. நீங்க மலைக்கு வர்றீக?"

"ஸ்டோர்ல காய் கிடக்குதாம்."

"காய்தான் தினமும் கிடக்கு. மகனுக்குத் தினமுமா தட்டு மாத்துறாக?"

பக்கத்தில் இருந்தவள் அவளைத் தொடையில் கிள்ளினாள். அந்தக் கிள்ளலிலேயே எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்பது பொற்கொடிக்குத் தெரிந்துபோயிற்று.

அவள் செல்போனை எடுத்து ஸ்டோரில் அடுப்புப் பார்க்கும் சோணையைக் கூப்பிட்டாள்.

"சோணை, காய் எப்படி இருக்கு?"

"பக்குவமா இருக்கு ஆத்தா. ஏன், என்ன விசயம்?"

"நான் வரணுமா?"

"நீங்க எதுக்கு? நானும் என் மச்சினனும் இருக்கம். பெரியவருகிட்ட நேத்தே சொல்லிட்டனே, யாரும் வர வேணாம்னு."

ஜீப்பு முந்தலை எட்டிவிட்டது. அங்கேதான் சமதரை முடிந்து மலைப்பாதை தொடங்குகிறது. சோதனைச் சாவடியில் வண்டி நின்றது. கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்கின. மேகம் பாதி மலையை மறைத்திருந்தது.

"அண்ணே, நான் இறங்கிக்கிறேன்" என்றாள் பொற்கொடி.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "என்ன ஆத்தா, எதையும் மறந்துட்டீகளா?"

"ஆமா. மறந்துதான் போச்சு."

இறங்கினாள். சட்டையைக் கழற்றி டிரைவரிடம் நீட்டினாள். "இதக் கொண்டுபோயி ஸ்டோர்ல ஆணியில மாட்டி விடுங்க. மச்சான் கேட்டா நான் அங்க தொங்கிக்கிட்டு இருக்கேன்னு சொல்லுங்க."

ஜீப்புக்குள் முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். வண்டி வளைவில் மறையும்வரை அந்தச் சிரிப்பு கேட்டது.

சாலையோரத்தில் நின்றபடி பொற்கொடி ரூபினாவைக் கூப்பிட்டாள்.

ரூபினாவை இதுவரை நீங்கள் பார்த்ததில்லை. பொற்கொடியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். போடியில் வளையல் கடை வைத்திருக்கிறாள். அவளுடைய தங்கை மகள் பாத்துமுத்து, மதுரையில் கல்லூரி முடித்துவிட்டு ஒரு நாடகக் குழுவில் சேர்ந்து டிரம்ஸ் வாசிக்கிறாள். இந்த ஞாயிறு மத்தியானம் அவர்கள் போடுகிற ராக் இசை நாடகத்துக்கு இரண்டு டிக்கெட்டு அனுப்பியிருந்தாள். ரூபினா வீட்டில் யாரும் போகவில்லை. பொம்பளைப் பிள்ளை மேடையேறிக் குச்சியால் அடிப்பதைப் பார்க்க வேறு போகணுமா என்றார்கள். ரூபினா பொற்கொடியைக் கூப்பிட்டபோது, வீட்டில் விசேஷம் என்று அவளும் மறுத்துவிட்டாள்.

"ரூபினா, அந்த டிக்கெட்டு இன்னும் இருக்கா?"

"இருக்கு. யாரு வருவா எங்கூட? எங்க வீட்டுக்காரரக் கூப்பிட்டேன். சத்தம் காதுக்கு ஆகாதுங்கிறாரு. என்னைக் கட்டி இத்தனை வருசம் இருந்த மனுசன்!"

"நான் வர்றேன்."

"ஏ, இன்னைக்குத் தட்டு மாத்துறது இல்லையா?"

"என்னைய மலைக்குப் போகச் சொல்லிட்டாக. போகத்தானே சொன்னாக? எங்க போறதுன்னு இனிமே நான் பாத்துக்கிறேன்."

"வெரசா வா" என்றாள் ரூபினா. குரல் மாறியிருந்தது. "வந்து எஞ்சேலை ஒண்ணு கட்டிக்க."

ரூபினா வீட்டில் சேலை கிடைத்தது, மாந்தளிர் நிறத்தில். ரவிக்கைதான் பிரச்சினை.

"ஏண்டி, இதுக்குள்ள நான் போயிட்டு எம் மருமகளையும் கூட்டிக்கலாம் போல இருக்கே!"

"ஊக்கைக் குத்து. பேசாத. நீ ஒட்டடைக் குச்சியா இருந்தா அதுக்கு நான் என்ன பண்றது?"

தேனி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ்சு ஏறும்போது செழியன் கூப்பிட்டான்.

"அம்மா, ஸ்டோருக்குப் போயிட்டியா? பின்னால ஏதோ பாட்டுச் சத்தம் கேக்குது."

"பஸ்சுல இருக்கேன். மதுரைக்குப் போறேன். நாடகம் பாக்க."

"என்னது?"

"ராக் நாடகமாம். கிட்டாரு, டிரம்ஸ் எல்லாம் உண்டாம். ரூபினா கூட வர்றா."

"அம்மா, விளையாடாத. பெரியப்பா கேட்டா நான் என்ன சொல்றது?"

"கேட்டா உள்ளதைச் சொல்லு. கேக்கலைன்னா வாயை மூடிக்கிட்டு இரு. அதுதான் உனக்கு நல்லா வருதே."

போனை வைத்துவிட்டாள். ரூபினா வறுத்த கடலைப் பொட்டலத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தாள்.

மதுரையில் அரங்கத்துக்குள் நுழைந்தபோது இருவருக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. எல்லாம் சின்ன வயசுப் பிள்ளைகள். முடியை நீலமாக்கியிருந்த ஒரு பையன் எழுந்து, "வாங்கம்மா, உள்ள போங்க" என்று வழி விட்டான்.

விளக்கு அணைந்தது.

முதல் அடி விழுந்ததும் பொற்கொடி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சுக்கூட்டில் கேட்டது. மேடையின் பின்னால் உயரத்தில், தலையில் முக்காட்டை இறுக்கக் கட்டிக்கொண்டு பாத்துமுத்து உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி ஏழெட்டு முரசுகள். குச்சிகள் கண்ணுக்கே தெரியவில்லை.

"யா அல்லா, எங்கம்மா பேரை வச்ச பிள்ளைடி!" என்று ரூபினா கத்தினாள். பொற்கொடிக்கே அது பாதிதான் கேட்டது.

நாடகத்தின் கதை இதுதான். ஓர் ஊரில் ராஜா. அவருக்குத் தூக்கம் வராது. ஊரில் யாரும் சத்தம் போடக் கூடாது என்று உத்தரவு போடுகிறார். உரலில் இடிக்கக் கூடாது, தாலாட்டு கூடாது, சிரிப்பும் கூடாது. பயந்து பயந்து ஊருக்குப் பேச்சே மறந்துபோகிறது. ஒரு துவைக்கிற பெண் மட்டும், துணியைக் கல்லில் அடிக்காமல் எப்படி வெளுப்பது என்று கேட்கிறாள். அவள் அடிக்கிறாள். அந்த அடிதான் பாட்டாக மாறுகிறது. கிட்டார் சேருகிறது, முரசு சேருகிறது. சிப்பாய்கள் வருகிறார்கள்.

பொற்கொடிக்குப் பாதிப் பாட்டு புரியவில்லை. அந்தப் பெண் துணியை ஓங்கி அடித்தது மட்டும் நன்றாகப் புரிந்தது.

கடைசிக்கு முந்தின காட்சியில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம். ஊரே வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மாலையும் கழுத்துமாக அவள் மேடையின் விளிம்புக்கு வந்தாள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான். அவள் அரங்கத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"எங்கழுத்துல தாலி ஏறுது. இந்த ஊருல எனக்குக் குலவை போட ஒரு பொம்பளை இல்லையா?"

யாரும் அசையவில்லை. அசையக் கூடாது; அது நாடகம். அந்த அமைதியில்தான் ராஜா சிரிக்க வேண்டும்.

ஆனால் பொற்கொடி போடிக்குப் பக்கத்து ராசிங்காபுரத்தில் பிறந்தவள். தாலி கையில் இருக்கும்போது ஒரு பெண் வாய்விட்டுக் கேட்டு, குலவை விழாமல் போனால் அந்தப் பாவம் கேட்டவளுக்கு இல்லை, சும்மா நின்றவளுக்கு. அவள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தார்கள். முளைப்பாரி எடுக்கையில் அவள் நாக்கைச் சுழற்றினால் தெரு முனைவரை கேட்கும். புருஷன் போனபிறகு, "நீ பின்னால நின்னுக்க தாயி" என்று பெண்களே தோளைத் தொட்டு ஒதுக்கினார்கள். அன்றிலிருந்து அந்த நாக்கு சும்மா கிடந்தது.

அவள் எழுந்து நின்றது அவளுக்கே தெரியாது.

குலவை கிளம்பியது. நீளமாக, நடுங்காமல், அரங்கத்தின் கூரைவரை ஏறியது.

மேடையில் ராஜாவாக இருந்த பையன் சிரிக்க மறந்துவிட்டான். தாலியை வைத்திருந்தவன் அப்படியே நின்றான். எல்லாத் தலைகளும் திரும்பின. பொற்கொடிக்கு அப்போதுதான் உறைத்தது. இது கோயில் இல்லை. இது கல்யாணமும் இல்லை. குலவை போட உரிமை இல்லாதவள் என்று ஊர் ஒதுக்கியவள் அவள்.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"போடுடி" என்றாள் ரூபினா, அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "மூச்சு இருக்கிற மட்டும் போடு."

மேலே பாத்துமுத்து ஒரு நொடிதான் யோசித்தாள். பிறகு அந்தக் குலவைக்கு அடியில் மெல்ல ஓர் உருட்டலைத் தொடங்கினாள். கிட்டார்காரன் பிடித்துக்கொண்டான். மணப்பெண் வேஷம் போட்டவள் கண்ணைத் துடைத்துவிட்டு, தானாகவே கழுத்தை நீட்டினாள். முன்வரிசையில் ஒரு பெண் குலவை போட்டுப் பார்த்தாள். வரவில்லை, இருமல்தான் வந்தது. இன்னொருத்திக்கு வந்தது. நீல முடிக்காரன் விசிலடித்தான். செல்போன்கள் உயர்ந்தன.

நாடகம் முடிந்ததும் பாத்துமுத்து வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தாள். "பெரியம்மா, நீங்க வருவீங்கன்னு நினைக்கவே இல்ல" என்று ரூபினாவின் தோளில் சாய்ந்தாள். ரூபினா அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். காய்ப்பு ஏறியிருந்தது. "சாப்பிடுறியா இல்லையா, எலும்பாப் போயிட்ட" என்று திட்டினாள்.

குழுவை நடத்துகிற பெண் பொற்கொடியிடம் வந்தாள்.

"அம்மா, சாயங்காலம் இன்னொரு காட்சி இருக்கு. அதே இடத்துல வந்து உக்காந்து அதே மாதிரி குலவை போட முடியுமா?"

"சாயங்காலம் எனக்கு எங்க வீட்டுல சோலி இருக்கு கண்ணு."

வெளியே வந்ததும் ரூபினா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "என்ன சோலி?"

"தட்டு குடுக்கணும்."

"வேலுச்சாமி அண்ணன் விடுவாரா?"

"முன்னப் பின்ன தெரியாத பிள்ளைக்கு எந்திரிச்சு நின்னுட்டேன் ரூபினா. பெத்த பிள்ளைக்கு உக்காந்துக்கிட்டு இருந்தா என்னைய என்னன்னு சொல்ல?"

போடியில் பஸ்சை விட்டு இறங்கும்போது வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. தேவாரத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

"நான் இப்படியே போயிடட்டுமா?" என்றாள் ரூபினா.

"எங்கூட வந்தவ எங்கூட உள்ள வா."

கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தது. ஒரு பக்கம் பெண்ணின் அப்பா ஜக்கையன், அம்மா சுருளியம்மாள், உறவுக்காரர்கள். இந்தப் பக்கம் வேலுச்சாமி. அவருக்குப் பக்கத்தில் சுப்புத்தாய், வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாம் அடுக்கிய தட்டை ஏந்திக்கொண்டு, இப்போது நீட்டவா இன்னும் பொறுக்கவா என்று புருஷன் முகத்தைப் பார்த்தபடி.

பொற்கொடியைக் கண்டதும் வேலுச்சாமி எழுந்தே விட்டார். அருகில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"கொல்லைப் பக்கமா அடுப்படிக்குப் போ. சபையில வச்சு மானத்தை வாங்காத."

"சபையில வச்சுத்தான் மச்சான் கேக்கணும். அடுப்படியில நின்னு கேட்டா யாருக்குக் கேக்கும்?"

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் கூடம் முழுக்கக் கேட்டது. சுப்புத்தாயின் முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, அந்தத் தட்டை இங்க குடுங்க."

சுப்புத்தாய் புருஷனைப் பார்த்தாள். வேலுச்சாமி தலையை அசைத்தார், கூடாதென்று. சுப்புத்தாய் தட்டைப் பார்த்தாள். தனக்கு மகன் இல்லாதவள் அவள். இந்தத் தட்டை ஏந்துகிற ஆசை அவளுக்கும் இருந்ததை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

"பிடி" என்றாள் திடீரென்று. "காலையிலருந்து எனக்கு மனசே ஒப்பல. பிடிச்சுக்க தாயி."

"சுப்பு!" என்றார் வேலுச்சாமி.

"சும்மா இருங்க. பெத்தவ வந்துட்டா."

அப்போதுதான் செழியன் எழுந்தான். முகம் சிவந்திருந்தது. "பெரியப்பா, எங்க அம்மாதான்..." என்று தொடங்கினான்.

"உக்காருடா" என்றாள் பொற்கொடி, திரும்பிப் பார்க்காமல். "நீ பேச வேண்டிய அன்னைக்குப் பேசல. இது எஞ்சோலி."

அவன் உட்கார்ந்தான். அந்த அடி அவனுக்கு வேண்டியதுதான். ஆனால் பெற்றவளுக்கும் அது வலித்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பொற்கொடி தட்டை இரண்டு கையாலும் ஏந்திச் சுருளியம்மாளுக்கு நேரே நீட்டினாள்.

சுருளியம்மாளின் கைகள் மடியிலேயே இருந்தன. ஜக்கையன் தொண்டையைச் செருமினார். உறவுக்காரப் பெண் ஒருத்தி சுருளியம்மாளின் காதில் ஏதோ சொல்லப் போக, அவள் தலையை ஆட்டி விலக்கினாள். மடியில் கிடந்த செல்போனைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். அவள் முகத்தில் கோபமா வேறு ஏதாவதா என்று யாராலும் படிக்க முடியவில்லை.

"மதினி, கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீக. மதுரையில விடுதியில இருக்கிற எம் மக நிலா மத்தியானம் ஒரு வீடியோ அனுப்பியிருக்கா. ஏதோ நாடகக் கொட்டகை. ஒரு பொம்பளை எந்திரிச்சு நின்னு குலவை போடுது. இந்தச் சேலைதான் கட்டியிருக்கு."

வேலுச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். வாசல் நிலையருகே ரூபினா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊக்குக் குத்திய ரவிக்கையும் மாந்தளிர்ச் சேலையுமாகப் பொற்கொடி அசையாமல் நின்றாள். பழங்களின் கனம் மணிக்கட்டை இழுத்தது. தட்டை ஒரு விரற்கடைகூட அவள் தாழ்த்தவில்லை.

"நான்தான் மதினி" என்றாள். "தாலி இல்லாதவதான் போட்டேன். இந்தத் தட்டைக் குடுக்கிறதும் அவதான். யோசிச்சு வாங்குங்க. நான் நிக்கிறேன்."